நாற்காலிக்குப் பின்னால்

அண்ணியின் முடிவெட்டும் கடையில் அன்று நடந்த பேச்சு சின்னவளுக்கு அப்படியே நினைவிருக்கிறது. மருந்துக்கடை வேலை முடிந்து வந்தவள் மூலையில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில், கழுத்தைச் சுற்றிய துணியோடு, நகரமன்ற உறுப்பினர் ஒருவர்.

“அடுத்த கூட்டத்துல, பொதுமக்கள் பேசுற நேரத்தையே எடுத்துடப் போறோம்,” என்றார் அவர்.

அண்ணியின் கத்தரிக்கோல் நிற்கவில்லை. “ஏன் சார், அந்த நேரம் உங்களை என்ன பண்ணுச்சு?”

“வந்தவங்களே வராங்க. சொன்னதையே சொல்றாங்க. நாங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள சாப்பாடு ஆறிப்போகுது.”

“சுடவெச்சுச் சாப்பிடுங்க.”

அவர் சிரித்தார். “உனக்கு ஏதாவது சொல்லணும்னா இங்கயே சொல்லும்மா. நான் கேக்குறேன்ல?”

“கேக்குறீங்க. பாதி வெட்டின தலையோட எழுந்து போக முடியாதே.”

கண்ணாடியில் அவர் முகம் சுருங்கியது. “குனிங்க சார்,” என்றாள் அண்ணி.

அவர் போனதும் தரையைப் பெருக்கிக்கொண்டே, “அந்தக் கூட்டத்துல நான் பேசப் போறேன்,” என்றாள் அண்ணி.

“நீங்களா? அண்ணன்கிட்ட பேசுறதுக்கே கண்ணாடி தேடுற ஆளு நீங்க.”

கேலியாகச் சொன்னாலும் அதில் பொய் இல்லை. அண்ணன் லாரி ஓட்டுபவர். பாதி நாள் வெளியூர். கடையைத் தன் தலையில் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அண்ணி தலைகளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியைப் பார்த்துத்தான் உலகத்தோடு பேசிவந்தாள். எதிரே ஒரு முகம் நேராகப் பார்த்தால் அவளுக்கு வாய் அடைத்துவிடும்.

கூட்டத்தில் அதுதான் நடந்தது. வளைந்த மேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி மைக் முன்னால் போய் நின்றாள். வாய் திறந்தது, பேச்சு வரவில்லை. யாரோ இருமினார்கள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் இருந்த சின்னவள் நுனிக்கு நகர்ந்து எட்டிப் பார்த்தாள்.

திடீரென்று அண்ணி மைக்கை விட்டு நகர்ந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அந்த உறுப்பினரின் நாற்காலிக்குப் பின்னால், கடையில் நிற்கிற மாதிரியே நின்றுவிட்டாள். மண்டபமே சிரித்தது.

“அம்மா, மைக் அங்க இருக்கு,” என்றார் தலைவர்.

“தெரியும் சார். இங்க நின்னாத்தான் எனக்குப் பேச்சு வரும்.”

காவலாளி அவளை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தார். தலைவர், போகட்டும் என்று கையசைத்தார்.

“சொன்னதையே சொல்றாங்கன்னு சலிச்சுக்கிறீங்க,” என்று அண்ணி ஆரம்பித்தாள். குரல் இப்போது கடைக்குரல். “பள்ளிக்கூடத்துக்குப் பின்னால தோண்டிப் போட்ட பள்ளத்தை மூடவெச்சது யாரு? அதோ உக்காந்திருக்காரே, பால்காரர். மாசாமாசம் வந்து சொன்னார். முதல் தடவையே நீங்க காது குடுத்திருந்தா மறுபடி ஏன் வரப்போறார்? அவர் வாயை மூடியிருந்தா பள்ளம் மூடியிருக்குமா?”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்தவர், பழக்க தோஷத்தில், தலையைக் கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

ஓட்டெடுப்பை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

வெளியே வந்ததும், “ஜெயிச்சுட்டீங்க அண்ணி,” என்றாள் சின்னவள்.

“எங்க ஜெயிச்சேன்? தள்ளித்தான் போட்டிருக்காங்க, தூக்கிப் போடல. இன்னொரு தடவை இவ வரமாட்டான்னு நினைப்பு.” கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்று, சின்னவளை நேருக்கு நேர் பார்த்தாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று சின்னவளுக்குத் தெரியும்.

“நான் ஒருத்தியே போனா வேடிக்கை பார்த்துட்டு விட்டுடுவாங்க. அடுத்த தடவை நீயும் பேசணும்.”

“எனக்கு என்ன பேசத் தெரியும்?”

“மருந்துக்கடைத் தெருவுல விளக்கு எரியலன்னு தினமும் என்கிட்ட புலம்புறியே, அதை அவங்ககிட்ட புலம்பு. எனக்கு அடுத்த ஆளா எழுந்து நில்லு, போதும்.”