கவுளி சொன்னதாக நான் சொன்னது

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா அரிசி நின்றுபோய், உடையார்பாளையம் சந்தையில் நெல்லைக் கண்ணால் பார்ப்பதே அரிதாகிவிட்டது. தரிசு எதையும் சும்மா போடாதீர்கள், பயிர் வையுங்கள் என்று தாலுகா ஆபீஸிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் தரிசு என்று ஒரு காணியும் இல்லை. செல்லியம்மன் காடு ஒன்றுதான் மிச்சம்.

ஊருக்கு மேற்கே, ஏரிக்கு மேட்டில் இருந்தது அந்தக் காடு. வீரை, காசான், உசில் என்று மரங்கள் பின்னிக்கொண்டு கிடக்கும். நடுவில் ஒரு கல், அதுதான் அம்மன். அங்கே விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூட நாங்கள் எடுக்கமாட்டோம். கூலிக்குப் போகிற ஏழைக் குடும்பங்கள் மட்டும் கிழங்கு தோண்டிக்கொள்ளலாம், காய்ந்த விறகு பொறுக்கிக்கொள்ளலாம். அது அம்மன் அவர்களுக்கு விட்டது என்பது வழக்கம்.

காட்டின் கீழ்ப்பாதி என் புன்செய்க் கொல்லையை ஒட்டி இருந்தது. அதைத் திருத்திப் பயிர் வைக்க ஜமீன் கச்சேரியில் சரி என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு நான்கு பிள்ளைகள். அந்த வருஷம் கூழில் தண்ணீர்தான் அதிகம். நான் அப்பவே சாப்பிட்டாச்சு என்பாள் என் மனைவி. அவள் வட்டிலைப் பார்ப்பேன், காய்ந்தே இருக்கும்.

கச்சேரி சொன்னால் போதாது. அம்மனிடம் உத்தரவு வாங்கவேண்டும். வெள்ளிக்கிழமை விடியலில் குளித்துவிட்டு, பூசாரியும் கேட்கிறவரும் மட்டும் கல்லுக்கு முன்னால் போய் உட்காரவேண்டும். மற்றவர்கள் காட்டு எல்லையில் நிற்பார்கள். சூடம் ஏற்றியதிலிருந்து வெயில் வந்து கல்லைத் தொடுகிறவரை நேரம். அதற்குள் மரப்பொந்தில் இருக்கும் கவுளி என்கிற பல்லி, வலப்பக்கத்திலிருந்து சொன்னால் சம்மதம். இடப்பக்கம் சொன்னாலும், சொல்லாமலே இருந்தாலும் கூடாது.

நான் உட்கார்ந்தேன். சூடம் எரிந்து முடிந்தது. இலை அசைந்தது, எங்கோ ஒரு செம்போத்து கத்தியது. கவுளி சொல்லவில்லை. வெயில் கிளை கிளையாக இறங்கி வந்தது. அது கல்லுக்கு ஒரு சாண் இருக்கும்போது வலப்பக்கத்தில் ஏதோ கேட்டமாதிரி இருந்தது. சுள்ளி முறிந்ததோ, காய்ந்துபோன என் நாக்கு அண்ணத்திலிருந்து பிரிந்ததோ, எனக்குத் தெரியாது. அன்றைக்கும் தெரியாது.

எல்லைக்கு வந்ததும், “சொல்லிடுச்சு” என்றேன்.

“எனக்குக் கேக்கலையே” என்றார் பூசாரி.

“ஒமக்கு நேத்து காதோரமா அடிச்ச தப்பு மேளமே கேக்கல” என்றார் மணியக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மணியக்காரர் பிறகு என்னைக் காட்டி, “நந்தி கல்யாணத்துக்குத் திருமழபாடிக்கு நடந்தே போயிட்டு வர்ற மனுசன். இவரு வாயில பொய் வருமா” என்றார்.

அதோடு முடிந்தது. அம்மன் சொல்லைக் கேட்டு யாரும் கீழ்ப்பாதியைக் கொடுக்கவில்லை. என் பக்தியை நம்பிக் கொடுத்தார்கள்.

வெட்டி முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடிய காலம் அது. மரமெல்லாம் மூட்டம் போட்டுக் கரியாகி அரியலூருக்கு வண்டி வண்டியாகப் போயிற்று. புதுமண் என்பதால் முதல் வருஷம் வரகு இடுப்புயரம் நின்றது. என் மனைவி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்தச் சோற்றைப் பாவம் என்று சொல்ல எனக்கு இன்றும் நா எழவில்லை.

ஆனால் வீட்டில் பல்லி சொன்னால் அவள் தரையில் மூன்று தட்டு தட்டி, கிருஷ்ணா கிருஷ்ணா என்பாள். நானும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்துவந்தேன். இப்போது என் விரல் எழவில்லை. கொல்லையில் நிற்கும்போது வலப்பக்கம் கவுளி சொல்லும். திரும்பிப் பார்ப்பேன். கவுளி ஒட்டிக்கொள்ள அங்கே ஒரு குச்சிகூடக் கிடையாது.

இரண்டாம் வருஷ மழை மேட்டு மண்ணை அரித்துக்கொண்டு போய் ஏரியில் கொட்டியது. வாய்க்கால் தூர்ந்து கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை. அந்தக் காட்டில் கிழங்கு தோண்டிப் பிழைத்த ஒரு பெண்பிள்ளை என் கொல்லைக்கே களையெடுக்க வந்தாள். குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: “அம்மா ஒங்க காதுலதான் பேசுனா, ஆண்டே. எங்க காதுல பேசியிருந்தா கெழங்காச்சும் மிஞ்சியிருக்கும்.”

அன்று கூலிக்குமேல் அவளுக்கு ஒரு படி வரகு அளந்தேன். கூலியை மட்டும் முந்தானையில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மூன்றாம் வருஷம், கடைமடையில் பயிர் காய்ந்துபோன ஐந்து குடும்பத்தார் காட்டின் மேல்பாதியைக் கேட்டார்கள். அவர்கள் நிலம் காய்ந்ததற்கு என் கொல்லைதான் காரணம். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. தங்களுக்காக நான்தான் போய் உட்காரவேண்டும் என்றார்கள். ஒங்க காதுக்குத்தான் அம்மா சொல்லுவா என்றார்கள்.

அன்றுதான் வரகு குத்திக்கொண்டிருந்த மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். உலக்கை நின்றது.

“அப்ப அன்னிக்கு கேக்கவே இல்லியா?”

“தெரியல.”

உரலோரம் சிதறிய வரகைக் கையால் உள்ளே தள்ளினாள். “புள்ளைங்க தின்னுடுச்சுங்க. இனிமே அத எங்க போயித் திருப்பிக் குடுக்கறது” என்று சொல்லிவிட்டு மறுபடி குத்த ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை பூசாரியும் நானும் போய் உட்கார்ந்தோம். மேல்பாதியும் போனால் ஏரி என்ன ஆகும் என்று நினைத்தேன். மறுத்தால் அந்த ஐந்து வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்றும் நினைத்தேன். தாயே, நீயே சொல்லிவிடு, இந்தத் தடவை என்னை விட்டுவிடு என்று கும்பிட்டேன்.

சூடம் பாதிகூட எரியவில்லை. வலப்பக்கத்து வீரைமரத்திலிருந்து கவுளி சொன்னது. மூன்று முறை. வைரம் பாய்ந்த கட்டையில் நகத்தால் தட்டுகிறமாதிரி அவ்வளவு தெளிவாக.

பூசாரியைப் பார்த்தேன். அவர் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் கல்லைத் தொடும்வரை இருவரும் அசையாமல் இருந்தோம். பிறகு எழுந்து எல்லைக்கு வந்தோம். ஐந்து பேரும் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றார்கள்.

“சொல்லலைங்க” என்றேன்.

பூசாரி தரையைப் பார்த்தபடி, “ஆமா, சொல்லல” என்றார்.

அவருக்குக் கேட்டதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. கடைசிவரை அவரும் சொல்லவில்லை.

மேல்பாதி நின்றது. ஐந்து குடும்பத்தில் ஒன்று ஊரில் காலந்தள்ள முடியாமல் தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் புறப்பட்டது. பானை சட்டியை வண்டியில் ஏற்றிவிட்டு அந்த மனிதர் என் வாசலுக்கு வந்தார். என்மேல் கோபமாக வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“அம்மா வேணாம்னுட்டா, நாம என்னங்க பண்றது” என்றார். “எம்பேரால வெள்ளிக்கிழமைக்கு ஒரு வெளக்கு மட்டும் போட்டுடுங்க.”

போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஏற்றி வைத்ததும் திரும்பிவிடுவேன். அங்கே உட்காருவதில்லை.