இதோ அக்காவின் இடமாற்றம்

லிஃப்ட் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவளுக்கு 'இதோ அக்கா' என்றுதான் பெயர். எது கேட்டாலும் வாயில் முதலில் 'இதோ' வரும். பொருள் பின்னாலேயே வந்துவிடும். பட்டியலாவது, கம்ப்யூட்டராவது, ஒரு மண்ணும் கிடையாது. எந்தத் தட்டில் எந்த நட்டு என்பதெல்லாம் அவள் தலைக்குள். அக்கா இருக்கும்போது எழுதி வைப்பானேன் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டார்கள். சம்பளமும் அப்படித்தான், மூன்று வருஷமாக நிம்மதியாக இருந்த இடத்திலேயே இருந்தது.

இப்போது அவளைக் கொள்முதல் பிரிவுக்கு மாற்றுகிறார்கள். சாமான் விற்கிறவர்களோடு விலை பேசுகிற வேலை. பொறுப்பு கூடுதல், சம்பளம் அதேதான். ஊரான் பொருளுக்கு விலை பேசப் போகிறவளுக்குத் தன் உழைப்புக்கு விலை பேச நாக்கு எழவில்லை. கொடுமைதான்! ஒரு வாரமாக இருப்புக் கொள்ளாமல் தவித்தாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள், பூட்டிய கதவைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தாள்.

"கேளேன். கேட்டா நாக்கு தேஞ்சா போயிடும்?" என்றான் பஸ் ஓட்டுகிற கணவன்.

"உங்களுக்கென்ன, சொல்லிடுவீங்க. எனக்கில்ல வாய் வரமாட்டேங்குது. மாத்தல் லெட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் ஒருத்தரும் கண்டுக்க மாட்டாங்க."

"அதான், போடறதுக்கு முன்னாடி கேளுங்கறேன்."

திங்கட்கிழமை மேனேஜர் கடிதத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கம்மா."

"இதோ சார்." பாழாய்ப்போன வாய்! கை பேனாவையும் எடுத்துவிட்டது. ஒரு வாரமாக மனப்பாடம் செய்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கிடங்கிலிருந்து போன். கதவு ரோலர் ஒன்று கிடைக்கவில்லையாம். மேனேஜர் அவளைப் பார்த்தார்.

"மூணாவது வரிசை, கீழ் தட்டு, நீல டப்பா" என்றாள்.

மேனேஜர் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா? அங்க போனாலும் இதையும் நீங்கதான் பாத்துக்கணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. 'இதோ' சொல்கிற அதே அவசர வாய் முந்திக்கொண்டது. "அப்ப ரெண்டு வேலை சார். சம்பளம் மட்டும் ஒண்ணா?"

சொன்ன பிறகுதான் பேனா இன்னும் கையில் இருப்பது தெரிந்தது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நியாயந்தான்" என்றார் கடைசியில். "எவ்வளவு எதிர்பாக்கறீங்க?"

அடக் கடவுளே! எப்படிக் கேட்பது என்று ஏழு நாள் யோசித்தவள், எவ்வளவு என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஏதோ ஒரு சின்னத் தொகை தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். பேனாவை மேஜையில் வைத்தாள், கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

"இப்பவே சொல்லிட்டா முடிச்சிடலாமேம்மா."

"நாளைக்கு" என்றாள். ஒன்பது வருஷத்தில் அந்தக் கம்பெனி அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது அன்றைக்குத்தான்.