பன்னிரண்டாவது கோரிக்கையுடன் வித்துராவிலிருந்து தலைமைச் செயலகத்துக்கு

ஆசிரியர் சங்கத்துக்காரர்கள் என்னை வேனில் ஏற்றிக்கொண்டு போய், தலைமைச் செயலக வாசலில் வெயிலில் உட்காரவைத்தார்கள் என்று எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. நானாகப் பயணச்சீட்டு எடுத்து, நானாகப் போனேன். உட்கார்ந்ததும் மர நிழலில்தான். கணவரை இழந்த எழுபத்து நான்கு வயதுக்காரியை யாராவது கூட்டிப்போனால்தான் உண்டு என்று நினைப்பவர்களுக்கும், இதே வேலையாகத் திருவனந்தபுரம் போக இருப்பவர்களுக்கும் இந்தப் பதிவு.

போன காரணம் இது. நான் வேலை பார்த்த அரசுக் கல்லூரியின் தமிழ்த் துறையில் மூன்று நிரந்தரப் பணியிடங்கள். மூன்றும் இப்போது காலி. செல்வி என்ற கௌரவ விரிவுரையாளர்தான் ஒன்பது வருடமாக வகுப்புகளை நடத்துகிறாள். ஒவ்வொரு மார்ச்சிலும் அவளை அனுப்பிவிட்டு, ஜூனில் மறுபடி நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடுவார்கள். இந்த பட்ஜெட்டிலும் பணியிடங்களுக்கு நிதி இல்லையென்றால் துறையையே மூடிவிடக்கூடும் என்கிறார் கல்லூரி முதல்வர். எங்கள் பக்கத்து எஸ்டேட் பிள்ளைகள் தமிழில் பட்டம் படிக்கப் போவது அங்கேதான்.

பட்ஜெட்டுக்கு முன் ஆசிரியர் சங்கம் தர்ணா அறிவித்திருந்தது. காலை 6.40க்கு எங்கள் ஊர் வித்துராவில் பஸ். நாற்பது கிலோமீட்டர், 48 ரூபாய். செயலகத்தைத் தாண்டித்தான் பஸ், ரயில் நிலையம் இருக்கும் தம்பானூர் போகிறது. உங்களுக்குச் செயலகத்தில் மட்டும் வேலை என்றால் அங்கேயே இறங்கிவிடுங்கள். செல்வி நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்ததால் நான் தம்பானூர் வரை போனேன். 8.25க்குச் சேர்ந்தது.

அங்கிருந்து செயலகத்துக்கு ஆட்டோ. ஓட்டுநர் திருநெல்வேலிக்காரர்; போராட்டத்துக்கு இங்கே சொல்லும் 'சமரம்' அவர் வாயிலும் வந்துவிட்டது. "சமரத்துக்கா போறிய? இந்த வயசுல கொடி பிடிக்கவா பாட்டி?"

"கொடி இல்லை, குடை. பாட்டியும் இல்லை, டீச்சர்."

"அப்போ மீட்டர் போட்டே ஓட்டுதேன் டீச்சர்" என்றார். 35 ரூபாய் ஆனது.

பதினோரு மணிக்குச் செயலக வாசலில் சங்க மனுவின் பிரதி கைக்கு வந்தது. கையெழுத்திடும் முன் எதையும் இரண்டு முறை வாசிக்க வேண்டும் என்பது கான்வென்டில் கன்னியாஸ்திரீகள் பழக்கியது. இரண்டு முறை வாசித்தேன். பதினோரு கோரிக்கைகள். தமிழ்த் துறை எதிலும் இல்லை.

சங்கச் செயலாளர் சாஜி என்னைவிட மிக இளையவர், எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை; என் கடைசி வருடங்களில் வேலைக்குச் சேர்ந்தவர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"டீச்சரே, ஒவ்வொரு காலேஜ் யூனிட்டிலும் மெம்பர்மார் எழுதித் தர்றதுதான் நாங்க சேர்க்குறது. தமிழ் டிபார்ட்மென்ட்ல இப்போ மெம்பர் ஆருமே இல்லல்லோ?"

"செல்வி இருக்கிறாளே?"

"கெஸ்ட் லெக்சரருக்கு மெம்பர்ஷிப் இல்ல டீச்சர்."

"அப்படியானால் காலி இடத்துக்கு ஆள் கேட்க, முதலில் அந்த இடத்தில் ஆள் இருக்க வேண்டும். அப்படித்தானே சாஜி?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சாஜியும் சிரித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஸ்டாஃப் மீட்டிங்கிலும் டீச்சர் இதே போலத்தன்னே. பேனா தாங்க."

பன்னிரண்டாவது கோரிக்கையை ஐந்து பிரதிகளிலும் அவர் கையாலேயே எழுதினார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுருக்கொப்பம் வாங்கினேன். மூன்றாம் பிரதியில் மறந்துவிட்டார், திரும்பக் கூப்பிட்டேன். மனு கொடுக்க உள்ளே போன ஐந்து பேரில் என்னையும் சேர்த்துக்கொண்டார். செல்விக்கு அனுமதி இல்லை. தன் வேலைக்கான மனு உள்ளே போவதை அவள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

மனுவை வாங்கிய அதிகாரி மரியாதையாகவே பேசினார். "பரிசீலிக்கிறோம் மேடம்" என்றார். பெற்றுக்கொண்டதற்கு எண் போட்டுத் தரச் சொன்னேன். சங்க மனுவுக்கு அப்படி வழக்கம் இல்லையாம். என் மனுவுக்கு உண்டு என்று சொல்லி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். முத்திரையும் எண்ணும் கிடைத்தன.

மாலை தம்பானூரில் செல்வியை ரயிலேற்றப் போனேன். "ஜூன்ல கூப்பிடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை. "கேட்டாயிற்று. இனி அவர்கள் சொல்ல வேண்டும்" என்றேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஆதார் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். குடிநீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். சங்கம் உங்களுக்காகக் கேட்கும் என்று நம்புங்கள். ஆனால் மனுவை முதல் நாளே வாங்கி வாசித்துவிடுங்கள். நான் அதைச் செய்யாதது என் தவறு. உங்கள் துறையில் உறுப்பினர் எவரும் இல்லையென்றால், ஓய்வு பெற்றவர் ஒருவராவது நேரில் போக வேண்டும்.

மனுவை வாங்கிய அதிகாரிக்கு: அரசுக் கல்லூரித் தமிழ்த் துறையின் மூன்று பணியிடங்களுக்கும் இந்த பட்ஜெட்டில் நிதி உண்டா, இல்லையா? மனுவில் உள்ள முகவரிக்கு, பட்ஜெட் வாசிக்கப்படும் முன், எழுத்தில் பதில் அனுப்பவும்.