பூங்காவுக்கு விட்ட இடம்

நான் கொத்தனார். படிப்பு ஆறாவதோடு சரி. ஆனால் பிளான் பார்ப்பேன். எந்தக் கோடு சுவர், எந்தக் கோடு வாசல் என்பதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் எங்கள் நகர். மனை வாங்கி நானே கட்டிய வீடு. எதிரே ஒரு காலி இடம். யாரோ ஒரு மூட்டை கோழிக்கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அப்புறம் எல்லோரும் கொட்டினார்கள். கதவைத் திறக்க முடியாத நாற்றம்.

தெருவில் கூடிப் பேசினோம். சாமி இருந்தால் கொட்டப் பயப்படுவார்கள் என்றார்கள். எல்லா ஊரிலும் செய்வதுதான். வேலை செய்த இடத்தில் மிச்சம் கிடந்த கருங்கல் ஒன்றைக் கொண்டுவந்தேன். இரண்டடி மேடை கட்டி நட்டேன். பெண்கள் மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றினார்கள். அம்மன் ஆனது. கோழிக்கழிவு நின்றது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அம்மனுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக்காரர் தகரக் கொட்டகை போட்டார். முதல் நாள் அம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினார். மறுநாள் ஒயரை எரிக்க ஆரம்பித்தார். மேல்தோல் கருகினால் உள்ளே செம்பு கிடைக்கும். தினமும் எரித்தார். கறுப்புப் புகை நேரே என் வீட்டுக்குள் வந்தது.

என் மனைவிக்கு இளைப்பு உண்டு. புகையில் ஜாஸ்தியாகி ஆஸ்பத்திரியில் படுத்தாள். அங்கிருந்து அப்படியே சிதம்பரத்துக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

“புகை நின்னா சொல்லுங்க, வரேன். நிக்கலன்னா நீங்க வந்து பாத்துட்டுப் போங்க” என்றாள்.

வாரம் ஒரு தடவை பஸ்ஸில் போய்ப் பார்த்தேன். சொந்த வீடு கட்டியவன் பெண்டாட்டியை விருந்தாளி மாதிரி போய்ப் பார்ப்பதா? எனக்குப் பிடிக்கவில்லை.

மனைப் பத்திரத்தை எடுத்தேன். கடைசியில் மனைப்பிரிவு பிளானின் நகல் இருந்தது. என் மனைக்கு எதிரே நம்பர் இல்லை. பூங்கா என்று போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் பிளான் பார்த்தவன் என்னுடையதைப் பார்த்ததில்லை.

இரும்புக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“நானும் வாங்கனதுதான் மேஸ்திரி. பத்திரம் இருக்கு.”

“பூங்காவுக்கு ஏதுங்க பத்திரம்?”

“போய்க் கேளு. கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு.”

கேட்டேன். மனைப்பிரிவுகளுக்கு அனுமதி கொடுக்கிற ஆபீசுக்குப் போனேன். மனு எழுத வரவில்லை. பிளானை மேசையில் விரித்து, பூங்கா மேல் விரலை வைத்தேன். அங்கே இருந்த அதிகாரியம்மா பார்த்தார்.

“இது குடியிருப்புப் பகுதி. இங்க இந்தத் தொழிலே நடத்தக் கூடாது. பூங்காவ வித்ததும் செல்லாது” என்றார்.

அளக்க அவரே வந்தார். இரும்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“எடுத்துடறேம்மா. ஆனா எனக்கு முன்னாடி இங்க கட்டுனது இவுங்கதான். அந்தக் கோயில எடுக்கச் சொல்லுங்க. மறுநாளே நான் எடுத்துடறேன்.”

எங்களைப் பார்த்துச் சிரித்தார். அதில் யாரும் கை வைக்க மாட்டோம் என்று அவருக்குத் தெரியும். எதற்குக் கற்பூரம் ஏற்றினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதிகாரியம்மா என்னிடம் சொன்னார். “மேடையும் ஆக்கிரமிப்புதான். ஒண்ண விட்டுட்டு இன்னொண்ண எடுத்தா அவரு கோர்ட்டுக்குப் போவாரு.”

மறுபடி தெருவில் கூடினோம். பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு மச்சான் முறை. அவர்தான் முதலில் பேசினார்.

“தகரத்த அவன் எடுக்கட்டும். சாமி மேல கை வச்சா தெருவுக்கு ஆவாது மச்சான்.”

“நட்டது யாரு?”

“நீதான்.”

“நட்டவனே எடுக்கறேன்.”

“எதாவது ஆயிட்டா?”

“என் ஊட்ல ஆவட்டும்.”

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. நல்ல வெயிலில் கடப்பாரை போட்டேன். தெருவே வாசலில் நின்றது. கலவையில் நான் கஞ்சத்தனம் செய்கிறவன் இல்லை. மேடை லேசில் பெயரவில்லை. யாரும் கை கொடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. கல்லைத் தோளில் தூக்கி வந்து என் காம்பவுண்டுக்குள் கிழக்குப் பார்த்து வைத்தேன். இது என் பட்டா. இங்கே இருந்து எடுக்கச் சொல்ல யாராலும் ஆகாது.

இரும்புக்காரர் கொட்டகை வாசலில் நின்றார்.

“மறுநாளே எடுக்கறேன்னீங்க. நாளைக்குத்தான் மறுநாள்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. எடுக்கவும் இல்லை. ஆபீசிலிருந்து வந்து நோட்டீஸ் ஒட்டினார்கள், கிழித்தார். திரும்பவும் ஆபீஸ் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

“என்னா மேஸ்திரி, டெய்லி வர்றீங்க. வேல இல்லியா?” என்றார் பியூன்.

“இதான் வேல.”

கடைசியில் ஜேசிபி வந்தது. ஒரு மணி நேரத்தில் கொட்டகை போனது.

தெருவில் சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார்களே, அது போதும்.

மனைவி சிதம்பரத்திலிருந்து வந்தாள். பையை இறக்காமல் எதிரே பார்த்தாள். பூங்கா ஒன்றும் முளைத்துவிடவில்லை. கரி மண்ணும் வேலிக்கருவையும்தான்.

“சாமியவே நகத்துனீங்களாம். இந்த முள்ள நகத்த முடியலியா?”

அரிவாளை எடுத்துக்கொண்டு போனேன்.