கொக்கி விழுந்த மத்தியானம்

அலுவலகத்தில் அவளுக்கு நல்ல பெயர்; வீட்டில்தான் மதிப்பே கிடையாது. வானிலை நிலையத்தில் புயல் எச்சரிக்கை எழுதுகிறவளை, கண்ணாடி லாரி ஓட்டுகிற தம்பி "காத்துக்காரி" என்றுதான் கிண்டலடிப்பான். "என்ன காத்துக்காரி, இன்னைக்குத் துணி காயப்போடலாமா?" என்று போனில் கேட்பான். அவளும் விட்டுக்கொடுக்காமல், "உன் லாரிய விட என் மேகம் சொன்ன நேரத்துக்கு வரும்டா" என்பாள். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

தன் வேலை என்னவென்று அவனுக்குப் புரியவைக்க ஒருமுறை சாப்பாட்டு மேசையில் காகிதத்தை விரித்தாள். நிலையத்திலிருந்து பறக்கவிடுகிற பலூன் மேலே போகப் போக, ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே போகும். ஒரே புள்ளியிலிருந்து ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு கோடு இழுக்க வேண்டும். வேகம் கூடினால் கோடு நீளும். நுனிகளை வரிசையாகச் சேர்த்தால் ஒரு வளைவு கிடைக்கும். அது குட்டையாகச் சுருண்டு கிடந்தால் மழை பெய்துவிட்டு ஓய்ந்துவிடும். நீண்டு, கடிகார முள் சுற்றுகிற பக்கமாக வளைந்தால் வம்புதான். மேகமே சுழல ஆரம்பிக்கும். மற்ற மேகங்கள் போகிற வழியை விட்டு வலப்பக்கமாக ஒதுங்கித் தனி ஆட்டம் போடும். அலுவலகத்தில் இந்த வளைவுக்குக் 'கொக்கி' என்று பெயர்.

"இதெல்லாம் எனக்கெதுக்கு? தெற்கு வடக்குன்னா லாரிக்காரனுக்குப் புரியாது. லெஃப்ட்டா ரைட்டா, அத மட்டும் சொல்லு" என்றான் தம்பி, அந்தக் காகிதத்தின் மேலேயே தண்ணீர் டம்ளரை வைத்துவிட்டு.

அந்த மத்தியானம் பலூன் அனுப்பிய கணக்கு திரைக்கு வந்ததும் அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். காலையில் ஏறக்குறைய நேராகக் கிடந்த கோடு, கீழ்க்காற்று திசை மாறியதில் அரிவாளாக வளைந்திருந்தது.

"கொக்கி விழுந்துடுச்சு சார்."

மூத்த அதிகாரி எட்டிப் பார்த்தார். "மேகம் வலப்பக்கம்தான் போகும், சந்தேகமே இல்ல" என்றார். ரேடாரில் மேகம் ஏற்கெனவே கட்டியிருந்தது. அது திரும்பப்போகிற பக்கத்து ஊர்களை ஒன்றுவிடாமல் எழுதி எச்சரிக்கையை அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் தம்பி அன்று அந்தப் பக்கத்துச் சாலையில் சரக்கு ஏற்றிப் போயிருப்பது நினைவுக்கு வந்தது. உடனே போன் போட்டாள்.

"எங்கடா இருக்கே?"

"நாலு ரோடு சேர்ற இடத்துல வண்டிய ஓரங்கட்டியிருக்கேன். எதிர்ல ஒரே கருப்பா வருது. பின்னாடி பூரா கண்ணாடிக்கா, பயமா இருக்கு."

"இப்போதைக்கு உன்னப் பாத்துதான் வருது. ஆனா திரும்பிடும்."

"லெஃப்ட்டா ரைட்டா?"

"ரைட்டு. ரைட்டுலதான் திரும்பும். அந்தப் பக்கம் மட்டும் போயிடாதே."

"அப்ப நான் லெஃப்ட்ல ஒடிச்சிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கொஞ்ச நேரத்தில் மேகம் அவள் எழுதிய வழியை அப்படியே பிடித்துத் திரும்பியது. "அசத்திட்டீங்கம்மா" என்றார் மூத்த அதிகாரி. பாவி, அந்த நேரத்தில் அவளுக்குப் பெருமை வேறு.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தபோது ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். காற்று லாரியைப் புரட்டிப் போட்டதில் கண்ணாடி அத்தனையும் நொறுங்கியிருக்கிறது. அந்தக் கண்ணுக்குப் பார்வை வரும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"லெஃப்ட்ல போறேன்னுதானேடா சொன்னே? ஏன்டா ரைட்ல போனே?"

"லெஃப்ட்லதான்க்கா போனேன். அதுவும் லெஃப்ட்லயே வந்துச்சு."

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வளைவைப் படிக்கிறவர்கள் மேகத்தோடு நின்று, அது போகிற பக்கம் பார்த்துத்தான் வலம் இடம் சொல்வார்கள். இத்தனை வருடமாக அவள் நின்றது அங்கேதான். அவனோ அதற்கு எதிரே நின்றான். மேகத்தின் வலது, எதிரே நிற்கிறவனுக்கு இடது. அவன் கேட்ட பாஷையிலேயே சொன்னாள், ஆனால் அவன் நின்ற இடத்திலிருந்து சொல்லவில்லை.

"விடுக்கா. நீ சரியாத்தான் சொல்லியிருப்பே. பதட்டத்துல எனக்குத்தான் கை குழம்பிப்போச்சு" என்றான் அவன்.

தலையாட்டிவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீ குழம்பலடா. நான் சொன்னது மேகத்தோட வலது கை. உன்னோடது இல்ல."

கட்டுப் போடாத கண்ணால் அவன் அவளையே பார்த்தான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"மேகத்துக்கு ஏதுக்கா கை?"