கொண்டல் திரும்பின அன்னைக்கு நான் ஓடின ஓட்டம்

புது பலூன் பாக்கெட்டைப் பிரிச்சதும் ஒரு வாசம் அடிக்கும் பாருங்க... பவுடரும் ரப்பரும் கலந்து, பச்சப்புள்ளையக் குளிப்பாட்டி ரப்பர் ஷீட்டுல படுக்க வச்சா வருமே, அதே வாசம்.

சிரிக்காதீங்க. நான் சொல்லுதது பொறந்தநாள் பலூன் இல்ல. ஆள் உசரத்துக்கு ஊதுத பலூன். அதுல கயிறு கட்டி, கீழ ஒரு சின்ன டப்பாவைத் தொங்க விடுவாங்க. மேகத்துக்கு மேல போய், அங்கன எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம், காத்து எந்தப் பக்கம்னு கீழ இருக்க லேப்டாப்புக்குச் சொல்லிக்கிட்டே போகும்.

அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டின நானும் ஒரு காலத்துல யுனிவர்சிட்டி ரிசர்ச் பண்ணவதான். நம்புனா நம்புங்க.

அப்போ வேம்பார்ல ரோட்டோரமா டீக்கடை வச்சிருந்தேன். கடைக்குப் பின்னால ஒரு தகரக் கொட்டகை, அதைத் தாண்டினா உப்பளம், அதையும் தாண்டினா கடல். அந்தக் கொட்டகையை வாடகைக்குக் கேட்டுத்தான் ரூபி வந்தா. நாசரேத்துப் பொண்ணு, பிஎச்டி படிக்கிறவ. கூட அவ லேப்ல வேலை பாக்குத இசக்கி.

"காத்தைப் பத்தித்தான்க்கா ஆராய்ச்சி. ஆடியில மேற்க இருந்து கச்சான் அடிக்குல்லா... அதைத் தள்ளிக்கிட்டு கடல்ல இருந்து கொண்டல் எப்படி உள்ள வருதுன்னு பாக்கணும்."

"இதுக்கா இத்தனை படிப்பு? கடை வாசல்ல நின்னா மூஞ்சியில அடிக்குமே, ஏளா!"

"மூஞ்சியில அடிக்கது தெரியும். மண்டைக்கு மேல? அதுக்கும் மேல?"

என் வாயை அடைச்ச மொத ஆளு அவதான். அன்னைக்கே பிடிச்சுப் போச்சு.

பலூன்ல அடைக்கது தீப்பிடிக்கிற கேஸு. அதனால ஊதுத நேரம் என் அடுப்பை அணைக்கணும். கடையில ஒருத்தரும் பீடி பத்த வைக்கக் கூடாது. "ஏளா, டீ கேட்டா பலூன் காட்டுத!"ன்னு அண்ணாச்சிமாரு ஏசுவாங்க. ஏசிக்கிட்டே ஒருத்தரும் போகமாட்டாங்க... வேடிக்கை பாக்கணும்லா.

இசக்கி இருக்கானே, தங்கமான பையன். ஆனா ஒரு நாள் பக்தி முத்திப்போய் டப்பாவுக்குச் சந்தனம் குங்குமம் வச்சுட்டான். ஈரத்தை அளக்குத இடத்துலயே கொழகொழன்னு சந்தனம்! பலூன் மேல போகுது, லேப்டாப்ல ஒரே ஈரம். வெளிய ஆடி வெயில் மண்டையைப் பிளக்குது.

"இசக்கி அண்ணே, மேல அடைமழை போல. குடை இருக்கா?"ன்னு ரூபி கேட்டா. அப்பத்தான் அடுப்பைத் திரும்பப் பத்த வச்சிருந்தேன், நான் சிரிச்ச சிரிப்புல பாலு பொங்கி வழிஞ்சு போச்சு.

பலூனை இசக்கி பிடிப்பான். லேப்டாப்ல ரூபி. டப்பாவைத் தூக்கிக்கிட்டு ஓட ஆள் வேணும்லா... அது நான். பலூன் காத்துல சாஞ்சு போகும், அது போற பக்கமே நாமளும் ஓடணும். கயிறு விறைச்சு டப்பா தானா கையை விட்டு எழும்புத வரைக்கும். முன்னாலயே விட்டா உப்புத்தண்ணியில முங்கிப் பாழாப் போயிரும். சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு வரப்புல ஓடுவேன். உப்பளத்துப் பொம்பளைங்க "அக்கா பறக்கப் போறா, வழி விடுங்கட்டி!"ன்னு கத்துவாளுக.

எத்தனையோ பலூன் விட்டோம். ஆனா கொண்டல் உள்ள நுழையுத அந்த நேரத்துல மட்டும் ஒண்ணுகூட சரியாப் போகல. ஒரே ஒரு பலூன் மிச்சம். அது போனா ரூபி படிப்பை முடிச்சிரலாம், வடக்க ஒரு காலேஜ்ல வேலை தயாரா இருக்கு. போகலன்னா அடுத்த ஆடிக்குத் திரும்ப வரணும். வேலையும் வேற ஆளுக்குப் போயிரும். சோறு இறங்காம சுத்திக்கிட்டு இருந்தா பாவம்.

அன்னைக்கு மத்தியானம் கச்சான் திடீர்னு நின்னு போச்சு. ஒரே புழுக்கம். பலூனைப் பிடிச்சுக்கிட்டு அசையாம நிக்கோம்... பின்கழுத்துல சில்லுனு ஒண்ணு பட்டுச்சு.

"திரும்புதுக்கா! இசக்கி அண்ணே, விடுங்க!"

எப்பவும் கடலைப் பாத்து ஓடுதவ, அன்னைக்கு மேற்க பாத்து ஓடுதேன். மேற்க என்ன இருக்கு? உடைமரம், பூரா முள்ளு. ஒரு குத்துப் பட்டா பலூன் டமார்.

ஓடிக்கிட்டு இருக்கும்போதே மனசுல ஒண்ணு வந்துச்சு. இது வெடிச்சா... அடுத்த ஆடிக்கும் இந்தப் புள்ள என் கடைக்கு வருவா.

வந்துச்சு. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா காலு நிக்கல. இன்னும் வேகமாத்தான் ஓடிச்சு. செருப்பைத் தாண்டி முள்ளு ஏறுச்சு, டப்பாவைத் தலைக்கு மேல தூக்கி ஒரு எம்பு எம்புனேன். கயிறு வெடுக்குனு பிடுங்கிக்கிட்டுப் போச்சு. மரத்து உச்சியை உரசாம, அப்படியே மேல... மேல...

கொட்டகையில இருந்து ரூபி அலறுதா: "வருதுக்கா! டேட்டா வருது!"

நான் மண்ணுல உக்காந்து முள்ளைப் பிடுங்கிக்கிட்டு இருந்தேன். இசக்கி ஓடி வந்தான்.

"யக்கா, ஒரு முள்ளுக்கா இந்த அழுகை?"

"ஆமாலே. முள்ளுதான்."

அந்த வாரமே சாமானைக் கட்டிட்டாங்க. போகும்போது அவ என்னைக் கட்டிப்பிடிச்ச பிடியில இடுப்பு ரெண்டு நாளு வலிச்சுது.

இப்போ நான் டவுனுக்குள்ள, மில்லர்புரத்துல மகன் வீட்டுல இருக்கேன். ஏசி ரூமு, எப்பவும் மூடின ஜன்னலு. ரூபி பெரிய புரபசர் ஆயிட்டா. அவ வேலை பாக்குத இடத்துல பலூனை மிஷினே விட்டுருமாம், ஒருத்தரும் ஓட வேண்டாமாம். வீடியோ அனுப்பினா. நல்லாத்தான் இருந்துச்சு... ஆனா சத்தமே இல்ல.

ஆடி பொறந்தா அவ போன் வந்துரும். "அக்கா, அங்கன கொண்டல் வந்துட்டா?"

அவ கம்ப்யூட்டர்ல இல்லாத காத்தா? இருந்தாலும் கேப்பா. நானும் முட்டிவலியோட கம்பியைப் பிடிச்சு மொட்டைமாடிக்கு ஏறிப் போய் நிப்பேன்.

சில நாளு காத்து வந்துரும். "வந்துட்டும்மா"ன்னு சொன்ன உடனே அவளுக்கு கிளாஸு, போனை வச்சிருவா.

வராத நாளுதான் எனக்குப் பிடிக்கும். "ஏளா இரு, வச்சிராத... இப்போ வந்துரும்"னு சொல்லிக்கிட்டே நிப்பேன்.