பெரியப்பாவின் சொடுக்கு

எங்கள் வீட்டில் எல்லோரிடமும் ஒவ்வொரு சத்தம் இருந்தது. அப்பா தேத்தண்ணியை உறிஞ்சிக் குடிப்பார். அண்ணன் கதிரையில் இருந்தால் கால் ஆட்டுவான். கதிரையும் கூடவே கிறீச்சிடும். அம்மா அரிசி புடைக்கும்போது மூக்கால் எதையோ முனகுவார். இவையெல்லாம் பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியவை, காதில் விழுந்தாலும் மனதில் ஏறாது. பெரியப்பா கொண்டுவந்த சத்தம் அப்படியல்ல.

அவர் அப்பாவின் தமையன். கீரிமலைப் பக்கம் தோட்டம் செய்தவர். பெரியம்மா நான் பிறக்க முன்னமே இறந்துபோனார், பிள்ளைகளும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு அந்தப் பக்கத்துச் சனமெல்லாம் சண்டைக்குப் பயந்து ஒரேயடியாக எழும்பி வந்தபோது, அவரும் சைக்கிள் கரியரில் இரண்டு வாழைக்குட்டிகளைக் கட்டிக்கொண்டு மானிப்பாயில் எங்கள் வீட்டு வாசல் படலையடியில் வந்து நின்றார். உடுப்பு ஒரு பையளவுதான். இந்த நேரத்தில் வாழைக்குட்டி ஏன் என்று அப்பா கேட்டதற்கு, "விட்டுட்டு வர மனமில்லை" என்றார். அன்றைக்கே கிணற்றடியில் நட்டும்விட்டார்.

வந்து கொஞ்ச நாளில் அந்தச் சொடுக்குத் தொடங்கியது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, வலது கையைக் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரலைச் சொடுக்குவார். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பிறகு கை மாற்றி இடது பக்கம். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்கள் அவை. சத்தம் காய்ந்த தடி முறிவதுபோல இருக்கும். சொடுக்கிவிட்டுத் தலையைச் சரித்து ஏதோ யோசிப்பார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து.

அது நான் புலமைப்பரிசில் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த வருடம். மின்சாரம் எப்போதோ நின்றுபோயிருந்தது. மண்ணெண்ணெய் கிடைப்பது அருமை. ஜாம் போத்தல் விளக்கை அம்மா சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான் கொளுத்துவார். ஆகவே பின்னேர வெளிச்சம் கடைசிவரை நிற்கும் விறாந்தையில் இருந்துதான் நான் கணக்குச் செய்யவேண்டும். அங்கேதான் பெரியப்பாவின் கதிரையும் கிடந்தது. பெருக்கிக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு சொடுக்கு விழும். மனதில் வைத்திருந்த இலக்கம் பறந்துவிடும்.

மூத்தவர் ஒருவரிடம் போய் சத்தம் போடாதேங்கோ என்று சொல்ல எங்கள் வீட்டில் ஆருக்கும் வாய் வராது. ஒவ்வொருவரும் தத்தமக்குத் தெரிந்த வழியில் சமாளித்தார்கள். அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் ரேடியோவைப் பொருத்தி, அண்ணனைப் பெடல் சுற்றவிட்டு, செய்தியை வழக்கத்தைவிட உரக்க வைத்தார். அம்மா என்னிடம் கதைப்பதுபோல அவருக்குச் சொன்னார்.

"பிள்ளை, விளக்கு வைக்கிற நேரத்திலை சொடுக்குப் போட்டா வீட்டிலை சீதேவி தங்காது. தெரியுந்தானே?"

வாழ்நாளில் ஒரு சொடுக்கும் போட்டறியாத நான் தலையாட்டினேன். பெரியப்பா வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னும் கொஞ்சம் உரத்து அதையே திரும்பச் சொன்னார். வேலியில் குந்தியிருந்த காகம்தான் பறந்தது. "உந்த மனிசனுக்குப் பிடிவாதம்" என்று அன்றிரவு அம்மா அப்பாவிடம் முறையிட்டார்.

நான் தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்துக் காதில் அடைத்தேன். அண்ணனுடைய வழி வேறு. ஒருநாள் அவன் அறைக்குள் ஒளிந்து நின்று, பெரியப்பா சொடுக்கி முடித்த கையோடு தானும் ஒன்று சொடுக்கினான். பெரியப்பா சட்டென்று நிமிர்ந்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணன் இன்னொன்று போட்டான்.

"ஆர் பிள்ளை உது? அறைக்குள்ளையோ?"

"அண்ணை" என்று நான் காட்டிக்கொடுத்தேன்.

அடி விழும் என்று காத்திருந்தேன். பெரியப்பா அவனைக் கூப்பிட்டு, தன் பையிலிருந்து பனங்கட்டித் துண்டொன்றை எடுத்துக் கையில் வைத்தார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நாங்கள் கண்டதில்லை. இனிமேல் பகிடி பண்ணாதே என்பதற்கான லஞ்சம் என்று அண்ணன் விளக்கம் சொன்னான். பனங்கட்டிக்காக மேலும் சில நாட்கள் சொடுக்கினான்.

இத்தனை எரிச்சலுக்கும் நடுவே, பெரியப்பாவால் எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய பலன் இருந்தது. குண்டு போட வரும் பொம்பர் விமானத்தை ஊரில் ஆரும் அறிய முன்னம் அவர் அறிந்துவிடுவார். எங்களுக்கு வெறும் காற்றாகக் கேட்கும்போதே, "வருது, இறங்குங்கோ" என்பார். நாங்கள் கேள்வி கேட்காமல் பின்வளவில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் ஓடுவோம். பக்கத்து வீட்டாரும் அவர் குரலைக் கேட்டுத்தான் ஓடுவார்கள். நான் வானத்தைப் பற்றிக் கவலைப்படுவதையே விட்டிருந்தேன். அதைப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் இருந்தார்.

மாரி முடிந்து வெயில் ஏறத் தொடங்கிய நாட்களில் சொடுக்குக் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வைத்திருந்த நேர்த்தியை நிறைவேற்றினார். நான் பஞ்சை எறிந்துவிட்டு ஒரே இருப்பில் ஒரு பாடத்துக் கணக்கு முழுவதையும் செய்து முடித்தேன். பெரியப்பாவின் பிடிவாதமும் போய்விட்டதாக அம்மா சொன்னார். எதைச் சொன்னாலும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். கதைக்கிறவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அமைதி வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம்.

சோதனைக்குக் கிட்டிய ஒரு நாள் காலை, அப்பாவும் அம்மாவும் செத்தவீடொன்றுக்குப் போயிருந்தார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தில். எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் விட்டிருந்தார்கள். பெரியப்பா கிணற்றடியில் வாழைக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். விறாந்தையில் படுத்திருந்த எனக்கு அந்த இரைச்சல் கேட்டது. முதலில் நான் அசையவில்லை. பெரியப்பா இன்னும் கூப்பிடவில்லையே, அப்படியென்றால் அது பொம்பராக இருக்காது என்று நினைத்தேன். இரைச்சல் கூடியது. பக்கத்து வீட்டில் ஆரோ ஓடுகிற சத்தம். எழும்பிப் பார்த்தேன். பெரியப்பா குனிந்து, அவசரமே இல்லாமல், மண்ணை இழுத்து அணைத்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, பொம்பர்" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவர் திரும்பவில்லை. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பிடித்து இழுத்தபோதுதான் திரும்பினார். என் வாயைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தார்.

குண்டு ரயில் பாதைப் பக்கமாக எங்கோ விழுந்தது. பங்கருக்கு மேலே அடுக்கியிருந்த பனங்குற்றிகளுக்கு இடையால் மண் எங்கள் தலையில் கொட்டியது. அவர் கை என் முழங்காலில் இருந்தது. அவர் வெளியே பார்க்கவேயில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போயிட்டுதோ?" என்று கேட்டார்.

இரைச்சல் இன்னும் இருந்தது. "இல்லை, சுத்துது" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "இப்ப?"

"ஓம், இப்ப போயிட்டுது."

நான் சொன்ன பிறகே அவர் எழும்பினார். வெளியே வந்து என் தலைமயிரில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டார். நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "இனி நீதான் பிள்ளை சொல்லவேணும். உன்ரை காது நல்ல காது" என்றார்.

விசயம் முழுவதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகே தெரியவந்தது. ஊரைவிட்டு வெளிக்கிட்ட அன்று அவருடைய தோட்டத்துக் கிணற்றடியில் செல் விழுந்து வெடித்திருக்கிறது. இடது காது அன்றைக்கே போய்விட்டது. மற்றது நாளுக்கு நாள் மங்கியிருக்கிறது, பொம்பரின் கனத்த இரைச்சல்தான் அதில் கடைசியாக மங்கியது. பெரியாஸ்பத்திரியில் காட்டியதாகவும், ஒன்றும் செய்ய இயலாது, கொழும்புக்குப் போகமுடிந்தால் போங்கோ என்று சொன்னதாகவும் வேறொருவர் மூலம் அப்பா அறிந்தார். தம்பி வீட்டில் வந்து இருக்கிறவன் இன்னொரு பாரத்தையும் இறக்கக்கூடாது என்று அவர் வாய் திறக்கவில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று விரலைச் சொடுக்கிச் சொடுக்கிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் கேட்காமல் போனபின் சொடுக்குவதில் என்ன இருக்கிறது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணனை விட்டுவிட்டுப் பெரியப்பா என்னைத் தெரிவுசெய்திருக்கிறார் என்பதுதான். அப்பாவும் அம்மாவும் குண்டுச் செய்தி அறிந்து பதைபதைத்து ஓடிவந்தபோது, படலையடியிலேயே அதைச் சொன்னேன்.

"பெரியப்பா சொன்னவர், இனி பொம்பர் வந்தா நான்தான் சொல்லவேணுமாம். அவருக்கு நான் கத்தினதே கேக்கேல்லை. நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனனான்."

அம்மா என்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையை எடுத்துவிட்டார். அப்பாவைப் பார்த்தார். அப்பா சைக்கிளைச் சரியாக நிறுத்தாமலே விட்டுவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார். சைக்கிள் சரிந்து விழுந்தது. நானும் பின்னால் போனேன்.

பெரியப்பா மறுபடியும் வாழையடியில் குனிந்திருந்தார். அப்பா பின்னால் நின்று, சாதாரணக் குரலில், "அண்ணை" என்றார். பிறகு இன்னொரு முறை. பிறகு முன்னால் சுற்றிப்போய், மண்ணில் குந்தி, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லாக, வாயை அகலத் திறந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஏதோ கேட்டார். பெரியப்பா அந்த வாயைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று காத்திருந்தேன். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எப்போது இந்தக் கதை முடிந்து, எனக்குக் கிடைத்த பதவியை எல்லோர் முன்னாலும் பெரியப்பா தன் வாயால் சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.